எல்லோரும் சேர்ந்து வரைந்த படம்

சாக்கடை வழிகிறது என்று சலூன்காரர் ஏறி இறங்காத அலுவலகம் அந்த ஊரில் பாக்கி இல்லை. மழை பெய்தால் தெருத் தண்ணீர் கடைக்குள் வரும். வெயிலடித்தால் நாற்றம் வரும். முடிவெட்டிக்கொள்ள வருகிறவர்கள் காலைத் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கோலத்தில் இருப்பவனுக்கு இரண்டு கிருதாவையும் சமமாக எடுப்பது என்ன பாடு என்பதை அவர் சொல்லிக் கேட்காத ஆளே தெருவில் கிடையாது. கடைக்கு மேலேயே வீடு. "ஊர்ச் சாக்கடையைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு அலையாதீங்க" என்று சொல்லிச் சொல்லி அவர் மனைவிக்கு வாய் வலித்துப்போயிருந்தது.

ஆகவே நகர மேம்பாட்டு வாரியத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி கடையைத் தேடிக்கொண்டு வந்து, நாற்றத்துக்கு முகம் சுளிக்காமல் நின்று, "அண்ணே, உங்க கதையைக் கேக்கணும்னு வாரியம் ஆசைப்படுது" என்றபோது, சலூன்காரருக்குத் தலை கால் புரியவில்லை.

"எனக்கு ஏதும்மா கதை? சாக்கடைதான் இருக்கு."

"அதுதாண்ணே கதை. வாரியத்துல இப்பல்லாம் திட்டம் போடறதில்லை. கதைப்பலகைதான். சினிமா எடுக்கறவங்க முதல்லயே கட்டம் கட்டமா வரைஞ்சு வச்சுக்குவாங்கல்ல? அந்த மாதிரி உங்க தெருவோட எதிர்காலத்தை வரைஞ்சு பாக்கப்போறோம். நீங்க, நாங்க, எல்லாரும் சேர்ந்து."

அந்தப் பெண்ணுக்கு ஒருங்கிணைப்பாளர் என்று பதவி. சிரித்த முகம். பேசாதபோதும் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. கடையில் மாட்டியிருந்த கண்ணாடிகள் அத்தனையிலும் அது தெரிந்தது.

துண்டு உலர்த்த இறங்கி வந்த சலூன்காரர் மனைவி படியிலேயே நின்று கேட்டாள்: "எல்லாரும் சேர்ந்து வரைவீங்க சரி. முடிவு யாரு எடுப்பா?"

"யாருமே எடுக்க மாட்டாங்கக்கா. அதுதான் இதோட அழகே."

"அப்ப நான் வரலைம்மா" என்று சொல்லிவிட்டு அவள் மாடிக்குப் போய்விட்டாள். சலூன்காரர்தான் பெண்டாட்டியின் மரியாதைக்குறைவுக்காக வருத்தம் தெரிவித்தார்.

கூட்டம் வாரியத்தின் பெரிய அறையில் நடந்தது. சுவரை அடைத்து ஒரு வெள்ளைப் பலகை. அதில் பன்னிரண்டு கட்டங்கள். பதினொன்று வெறுமையாக இருந்தன. பன்னிரண்டாவதில் மட்டும் படம் வரைந்து, வண்ணமும் தீட்டி முடித்திருந்தது. பச்சைப் புல்வெளி, நடுவில் ஒரு குளம், கரையில் பெஞ்சு. அப்பா, அம்மா, கையில் பலூனோடு ஒரு பெண் குழந்தை. பலூனின் நிழல்கூடப் புல்லில் சரியாக விழுந்திருந்தது.

தெருக்கோடியில் இருந்த தையல்கார அம்மா எட்டிப் பார்த்தாள். "இது எந்த ஊரு?"

"உங்க தெருதான்மா" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

சலூன்காரர் பின்னணியில் தெரிந்த தண்ணீர்த் தொட்டியை வைத்துத் தன் கடை எங்கே வரும் என்று மனதில் அளந்து பார்த்தார். கடை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன.

வாரியத்தின் இயக்குநர் எழுந்து எல்லோரையும் கும்பிட்டார். "முடிவைப் பத்தி நீங்க கவலைப்பட வேணாம். அந்தச் சிரமத்தை உங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு நாங்களே வரைஞ்சு வச்சுட்டோம். நடுவுல என்ன நடக்கணும்கறது மட்டும் முழுக்க முழுக்க உங்க சுதந்திரம்."

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டுவது விதி. இன்னொரு விதியும் இருந்தது. யாரும் 'இல்லை' என்று சொல்லக் கூடாது; 'ஆமா, அதோட' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். வண்ணத் தாள்கள் கொடுத்தார்கள். மஞ்சள் மனக்குறைக்கு, பச்சை நம்பிக்கைக்கு. சிவப்பு எதிர்ப்புக்கு என்று சுவரில் எழுதியிருந்ததே தவிர, தட்டில் சிவப்புத் தாளைக் காணோம்.

"தீர்ந்துபோச்சுண்ணே, போன தெருவுலயே" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

ஓவியர் ஒருவர் பலகையோரம் நின்றிருந்தார். ஒல்லியான மனிதர். யார் முகத்தையும் பார்க்காமல், சொன்னதைக் காதில் வாங்கி வரைவது அவர் வேலை. முதலில் சலூன்காரரைப் பேசச் சொன்னார்கள். அவர் மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினார். சாக்கடை, நாற்றம், மூக்கைப் பொத்தும் வாடிக்கையாளர்கள். "கடைக்குள்ள நிக்கவே முடியலைங்க" என்று முடித்தார். ஓவியரின் கை ஓடியது. சலூன்காரர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கடையைவிட்டு வெளியேறுவதுபோல் ஒரு படம் வந்தது. மீசைகூட அச்சு அசலாக இருந்தது. கைதட்டல்.

தையல்கார அம்மா முட்டி வலியைச் சொன்னாள். "அந்த மாடிப்படியே இல்லாம இருந்தா நல்லாயிருக்கும்." படி இல்லாத வீடு வந்தது. கைதட்டல். ஓய்வுபெற்ற வாத்தியார், லாரி போனால் சுவரெல்லாம் ஆடுகிறது என்றார். சுவர் விழுந்த வீடு வந்தது. இன்னொருவர் ராத்திரியில் சந்தடி தாங்கவில்லை என்றார். ஆளே இல்லாத தெரு வந்தது. ஒவ்வொன்றுக்கும் முந்தினதைவிடப் பலமான கைதட்டல்.

சலூன்காரர், "இல்லைங்க, நான் சொன்னது..." என்று எழுந்தார்.

மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் அந்தச் சொல்லை எங்கே எழுதுவது என்று தெரியாமல் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இயக்குநரைப் பார்த்தார்.

"ஆமா, அதோட..." என்று ஒருங்கிணைப்பாளர் மெதுவாக எடுத்துக்கொடுத்தார்.

"ஆமா... அதோட, கடை அங்கதானே இருக்கு?"

"அருமை!" என்று இயக்குநர் தொடையில் தட்டினார். "கடை இன்னும் அங்கதான் இருக்கு. எவ்வளவு நுட்பமான கவனிப்பு! அதுக்கு ஒரு கட்டம் வேணும்ல?"

ஓவியர் கடைக்கு எதிரே, கையை உயரத் தூக்கிய ஒரு மஞ்சள் இயந்திரத்தை வரைந்தார்.

அன்று வீட்டுக்கு வந்தவரிடம் மனைவி கேட்டாள். "சாக்கடை என்னாச்சு?"

"படத்துல சாக்கடை இல்லை."

"அப்ப சரி பண்ணிடுவாங்களா?"

"தெருவே இல்லை" என்றார் சலூன்காரர். அவள் சாப்பாட்டை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

கதைப்பலகையைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தெருமுனையில் நிறுத்தினார்கள். மேலே விளக்கு எரிந்தது. தெருவிளக்குகள் வெகுநாளாக எரியாததால் அந்தத் தெருவில் வெளிச்சமாகத் தெரிந்தது அது ஒன்றுதான். கொஞ்ச நாள் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலையில் வாரியத்து ஜீப் வந்து நின்றது.

"இன்னைக்கு முதல் கட்டம்ணே" என்றார் ஒருங்கிணைப்பாளர். புகைப்படக்காரர் ஒருவரும் இறங்கினார். "நாற்காலியைத் தூக்கிட்டு வெளிய வாங்க. ஒரு படம் எடுத்துக்கறோம்."

"இது தரையில போல்ட்டு போட்டு முடுக்கின நாற்காலிம்மா. யாராலயும் தூக்க முடியாது."

"தெரியும்ணே. அதான் நாங்களே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டாந்திருக்கோம்."

"நான் வர மாட்டேன்னா?"

"ஐயோ, கட்டாயமே இல்லை. வாரியம் யாரையும் எப்பவும் கட்டாயப்படுத்தினதில்லை. உங்களுக்கு வசதிப்படலைன்னா உங்களுக்குப் பதிலா ஒருத்தரை ஏற்பாடு பண்ணியிருக்கோம்."

ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து ஓர் ஆள் இறங்கினான். சலூன்காரர் போடுவது போலவே சாம்பல் நிறக் கோட்டு. அதே மீசை. சற்றே முன்பக்கம் ஏறிய அதே நெற்றி. அவன் கடைக்குள் வந்து, "கொஞ்சம் ஒதுங்குங்கண்ணே" என்று மரியாதையாகச் சொல்லி, பிளாஸ்டிக் நாற்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தான். ஒரு தடவை சரியாக வரவில்லை என்று மறுபடியும் நடக்கவைத்தார்கள். தெருவில் கூடியிருந்தவர்கள் பழக்கதோஷத்தில் கைதட்டினார்கள். நிஜ சலூன்காரர் கத்தரியும் கையுமாகக் கடைக்குள் நின்று, தான் கடையை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப்பின் கடைக்கு ஆள் வருவது குறைந்தது. பல வருஷ வாடிக்கையாளர் ஒருவர் கடைத்தெருவில் இவரைக் கண்டு திடுக்கிட்டு நின்றுவிட்டார். "நீங்க காலி பண்ணிட்டுப் போயிட்டீங்கல்ல? பலகையில போட்டோவை ஒட்டியிருக்காங்களே!"

"நான் இங்கதானேய்யா இருக்கேன்."

"அது சரி" என்றார் அவர் சந்தேகத்தோடு. பேசியபடியே ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

மனைவிதான் அவரை விரட்டினாள். "போய் அந்தப் பெரிய மனுஷனையே நேரா கேளுங்க. இடிக்கச் சொன்னது யாருன்னு கேளுங்க. பேர் வேணும்."

இயக்குநர் அவரை எழுந்து நின்று வரவேற்று, உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்தார். அவர் மேசையில் ஒரு காகிதம்கூட இல்லை. பேனாகூட இல்லை.

"ஐயா, எங்க தெருவை இடிக்கணும்னு முடிவு பண்ணினது யாருங்க?"

"நல்ல கேள்வி. நானே பல நாள் யோசிச்சிருக்கேன்" என்றார் இயக்குநர். "நான் இல்லை. இந்த வாரியத்துல சேர்ந்த நாளா நான் ஒரு முடிவுகூட எடுத்ததில்லை, பெருமைக்குச் சொல்லலை. ஓவியரா? அவர் சொன்னதை வரையறவர். சொன்னது யாரு? நீங்க. கைதட்டினது யாரு? எல்லாரும். அந்தக் காலத்து அதிகாரிங்க உத்தரவு போடுவாங்க. பாவம், விவரம் பத்தாது. உத்தரவுன்னா கீழ கையெழுத்து இருக்கும். கையெழுத்து இருந்தா அதுக்குப் பின்னால ஒரு ஆள் இருப்பான். ஆள் இருந்தா கோர்ட்டுக்கு இழுப்பாங்க, வீட்டு வாசல்ல வந்து நின்னு சத்தம் போடுவாங்க. படத்துல கையெழுத்து ஏது? படத்தைப் பார்த்து யாராவது சத்தம் போடுவாங்களா? இது வந்தப்புறம்தான் எனக்கு ராத்திரியில நல்லாத் தூக்கம் வருது. இன்னொரு பிஸ்கட் எடுத்துக்குங்க."

சலூன்காரர் எடுத்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லலாமா கூடாதா என்பது அவருக்கு இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒருவர் சவரம் செய்துகொள்ள வந்தார். பார்த்தால் ஓவியர். கண்ணாடியில்கூடச் சலூன்காரரை நேராகப் பார்க்காமல், "கூட்டமில்லாத கடைன்னு சொன்னாங்க" என்றார்.

சலூன்காரர் நுரை பூசி, கத்தியைத் தீட்டி, தாடையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தார். தொண்டைக்குழிமேல் கத்தி இருக்கும்போது யாரும் பொய் சொல்வதில்லை என்பது அவருடைய தொழில் அனுபவம்.

"அந்தக் கடைசிக் கட்டத்துல ஒரு குடும்பம் நிக்குதே, யாருங்க அவங்க?"

ஓவியர் அசையாமல் பேசினார். "யாருமில்லை. எல்லாத் தெருவுக்கும் அதே படம்தான். பின்னாடி ஒரு தொட்டியோ கோபுரமோ மட்டும் மாத்துவேன். அந்தக் குழந்தைக்கு எத்தனையோ தடவை பலூன் வரைஞ்சாச்சு. ஒரு தெருவுக்கும் அவங்க வந்து நான் பார்க்கலை. முள்கம்பி போடுவாங்க. அதோட சரி."

"உங்களுக்கு இது தப்புன்னு தோணலையா?"

"எங்க தெருவுக்கும் கூட்டம் போட்டாங்க" என்றார் ஓவியர். "எங்கம்மா எழுந்து, வீட்டுல இருட்டா இருக்கு, வெளிச்சமே வரலைன்னாங்க. கூரை இல்லாத மாதிரி வரைஞ்சேன். நல்லா வந்திருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க."

சலூன்காரர் கத்தியைத் துடைத்தார். பிறகு கேட்டார். "எனக்கு ஒண்ணு செய்வீங்களா? அந்தக் கடைசிப் படத்துல, ஒரு ஓரமா, மரத்தடியில சின்னதா என் கடை. யார் கண்ணையும் உறுத்தாது."

ஓவியர் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

மறுநாள் கண்ணாடிச் சட்டத்துக்குள், குளத்துக்குப் பின்னால், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கடை தெரிந்தது. உள்ளே ஒரு மீசையும் தெரிந்தது. சலூன்காரர் மனைவியைக் கூட்டிவந்து காட்டினார். அவள் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல மாடி இல்லையே, நாம எங்க படுக்கறது?" என்றாள். ஆனாலும் அன்று இரண்டு பேரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

இருபத்துநாலு மணி நேரம்கூடத் தாங்கவில்லை அந்த நிம்மதி. சரிபார்ப்புக் கூட்டம் என்று பலகையைக் கழற்றி வாரியத்துக்குக் கொண்டுபோய், எல்லோரையும் அழைத்தார்கள். தையல்கார அம்மாதான் முதலில் எழுந்தாள். "ஆமா, அதோட, அவருக்கு மட்டும் கடை வரைஞ்சிருக்கே? எனக்கு எங்க மிஷின்?" வாத்தியார் தன் புத்தக அலமாரியைக் கேட்டார். இன்னொருவர் மாட்டுக்கொட்டகையைக் கேட்டார். அவரிடம் மாடு கிடையாது, ஆனாலும் கேட்டார். தெருவே புல்வெளிக்குள் இடம் பிடிக்க அடித்துக்கொண்டது. சலூன்காரர் கையெடுத்துக் கும்பிட்டும் யாரும் கேட்கவில்லை. முந்தினநாள்வரை அவரிடம் கடனுக்குச் சவரம் செய்துகொண்டவர்கள் எல்லாம், "ரகசியமாப் போய் தனக்கு மட்டும் வரைய வச்சிருக்கான் பாரு" என்று காதுபடப் பேசினார்கள்.

இயக்குநர் துயரத்தோடு எழுந்தார். "பாத்தீங்களா? ஒரு சின்னக் கடை எவ்வளவு பெரிய ஒற்றுமையைக் குலைச்சிடுச்சு. சமத்துவம்னு ஒண்ணு இருக்கில்லையா? எல்லாருக்கும் இடம் குடுத்தா பார்க் எங்க இருக்கும்? அதனால யாருக்கும் இல்லாம சமமா வச்சுக்குவோம்."

ஓவியர் ரப்பரை எடுத்தார். தேய்த்தபோது மீசைதான் கடைசியாக அழிந்தது. கைதட்டல் அறையை நிறைத்தது. ஒருங்கிணைப்பாளர் அதே சூட்டோடு இன்னும் என்னென்னவோ படித்தார், ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள். சலூன்காரர் காதில் எதுவும் விழவில்லை. பாதியில்தான் தன் கைகளும் தட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். நிறுத்தலாம் என்று நினைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் ஏற்கெனவே அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்ததால் நிறுத்தவில்லை.

மஞ்சள் இயந்திரம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. தெருக்காரர்களுக்கு ஊருக்கு வெளியே ஆளுக்கு ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். மூட்டை முடிச்சுகளோடு ஒவ்வொரு குடும்பமாக வெளியே வந்து, தங்கள் கட்டத்துக்கு எதிரே நின்று படம் எடுத்துக்கொண்டு லாரியில் ஏறியது. சலூன்காரர் மனைவி இறங்கவில்லை. மாடி ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, நான் ஒரு கூட்டத்துக்கும் போகலை, ஒண்ணுக்கும் கைதட்டலை. என்னை எந்தக் கட்டத்துலயும் வரையலை. என்ன பண்றாங்கன்னு பாக்கறேன்."

சலூன்காரருக்கு அப்போது எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது. அவரும் மேலே போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டார்.

கீழே குழப்பம் வரும், அதட்டுவார்கள், போலீஸைக் கூப்பிடுவார்கள் என்றெல்லாம் அவர் எதிர்பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒருங்கிணைப்பாளர் ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு கையிலிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு ஓட்டுநரைப் பார்த்துத் தலையசைத்தார்.

"தம்பி! உள்ள ஆள் இருக்கோம்!" என்று சலூன்காரர் கத்தினார்.

இயந்திர ஓட்டுநர் இளவயதுக்காரர். தன் முன்னால் ஒட்டியிருந்த தாளை எட்டிப் பார்த்தார். "வீடு காலின்னு போட்டிருக்குண்ணே" என்றார். குரலில் கோபமில்லை. சரிபார்த்துச் சொல்கிற பணிவுதான் இருந்தது.

"நீ மேல பாரு தம்பி, என்னைப் பாரு!"

"படம் பார்த்துத்தாண்ணே ஓட்டணும். வேற எங்கயும் பார்க்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

இயந்திரத்தின் கை உயர்ந்தது. அதன் நிழல் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, கட்டில்மேல் ஏறி, சுவரில் படர்ந்தது. சலூன்காரர் அசையாமல் நின்றார். மனைவிதான் எழுந்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாங்க. எதிர்த்து நிக்கறதுன்னா, எதிர்ல நிக்கறவனுக்கு நாம கண்ணுல பட்டாகணும்."

படியிறங்கி அவர்கள் வாசலைத் தாண்டுவதற்கும் முதல் இடி விழுவதற்கும் சரியாக இருந்தது. மாடி ஜன்னல் இருந்த சுவர், முடி உதிர்வதுபோல் சத்தமில்லாமல் சரிந்து, தரையைத் தொட்ட பிறகுதான் அலறியது. புழுதி அடங்கியபோது இரண்டு பேருக்கும் தலை நரைத்திருந்தது. போல்ட்டுப் போட்ட நாற்காலி மட்டும் இடிபாட்டுக்கு நடுவில் சிறிது நேரம் நின்றது. இயந்திரம் திரும்பி வந்து அதையும் எடுத்தது.

ஒருங்கிணைப்பாளர் செங்கற்களைத் தாண்டிக்கொண்டு ஓடி வந்தார். கையில் ஓர் அட்டை.

"அக்கா, நீங்க எந்தக் கூட்டத்துக்கும் வரலை. உங்க பங்களிப்பு இல்லாம முடிச்சா எங்களுக்குக் கஷ்டமா இருக்கும். இன்னைய அனுபவம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு முகத்தை மட்டும் தொட்டுடுங்க போதும்."

அட்டையில் இரண்டு முகங்கள் இருந்தன. ஒன்று சிரித்தது. இன்னொன்று அதைவிட அதிகமாகச் சிரித்தது.

சலூன்காரர் மனைவி முந்தானையால் கண்ணிலிருந்த புழுதியைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கிப் பார்த்தாள். திருப்பியும் பார்த்தாள்.

"இதுல சிரிக்காத முகம் கிடையாதாம்மா?"

"இருந்துச்சுக்கா" என்றார் ஒருங்கிணைப்பாளர் கனிவாக. "போன கூட்டத்துலதான் எல்லாரும் சேர்ந்து அதை எடுத்துட்டோம். அண்ணன்கூடக் கைதட்டினாரே."